குங்குமம் வைத்த ஒயர்

அந்த பேஸ் சத்தம், பாட்டின் அடித்தொனி, காதுக்கு வரும் முன்பே உள்ளங்காலுக்கு வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் குளிர்ந்த சிமெண்டுத் தரை... மடியில் நூலகப் புத்தகம்... கண்ணாடி அலமாரிக்குள் கோப்பைகள் மெல்லச் சிணுங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். அப்பா வெகுநாள் ஆசைப்பட்டு ஒரு சப்வூஃபர், பேஸுக்கென்றே செய்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி, வாங்கினார். எங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் அதற்கென்று தனி இடம் கிடையாது. அதனால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்திலிருந்தே இடப்பக்கத்துக்கு ஒரு ஜோடி, வலப்பக்கத்துக்கு ஒரு ஜோடி ஒயர் இழுத்தார்.

ஜோடியில் இரண்டும் ஒரே நிறம். ஒவ்வொரு ஜோடியிலும் சிவப்பு முனைக்குப் போகவேண்டியது எது என்று தெரிய, சாமி மேடையிலிருந்து குங்குமம் எடுத்துக் குழைத்து, அந்த ஒயருக்கு மட்டும் பொட்டு வைத்தார்.

ஆயுத பூசை வந்தது. அம்மா ஒயர்களைக் கழற்றி, பெட்டியை நகர்த்தி, கூட்டித் துடைத்தார். அப்பா திரும்ப மாட்டினார்.

சாயங்காலம் கிள்ளானிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பா பெருமையாகப் பாட்டைப் போட்டார். பாட்டு கேட்டது... தரை மட்டும் அசையவில்லை.

“என்னடா தம்பி, பெட்டி லோரி சைஸ்ல இருக்கு, சத்தம் கொசு மாதிரி வருது?”

“நேத்து நல்லாத்தான் இருந்துச்சுலா, அண்ணே...”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. “திங்கக்கிழம கடையிலயே திருப்பிக் குடுத்துர்றேன்” என்றார்.

பெட்டியோடு வந்த கையேட்டை நான் கதைப் புத்தகம் போலப் படித்து வைத்திருந்தேன். ஒரு பக்கத்து ஒயர்கள் மட்டும் இடம் மாறினால், இரு பக்கத்து பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடுமாம். டார்ச்சோடு பெட்டிக்குப் பின்னால் நுழைந்தேன்.

நான்கு ஒயரிலும் பொட்டு! கைக்கு முதலில் வந்ததை அப்பா சிவப்பில் செருகியிருக்கிறார்.

அம்மா மெதுவாகச் சொன்னார். “ஒன்னுக்கு வெச்சிருந்துச்சு, இன்னொன்னுக்கு இல்ல. பூசையும் அதுவுமா... பாவம் இல்லையா?”

“அப்பா, ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணுங்க. ஒரு பக்கத்த மட்டும் மாத்திப் பாக்குறேன்.”

“பாத்தும்மா... ஒயர் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கப் போவுது” என்றார் அப்பா.

பாட்டு மறுபடி தொடங்கியது. முதலில் உள்ளங்கால்... பிறகு கோப்பைகள்... பெரியப்பா சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அடேங்கப்பா, நாற்காலியே நடுங்குதுடா!” என்றார். அப்பா சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

திங்கட்கிழமை பெட்டி எங்கும் போகவில்லை.

இன்று என் வீட்டில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர். ஒயர் கிடையாது, போனைத் தொட்டால் பாடும். இனிமையாகத்தான் பாடுகிறது... தரைக்குத்தான் எதுவும் தெரிவதில்லை.

ஆயுத பூசையன்று அதற்கும் பொட்டு வைக்கிறேன். வைத்த பிறகும் விரலில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருக்கும். பக்கத்தில் சுருண்டு கிடக்கும் சார்ஜர் ஒயரைப் பார்ப்பேன்.

அதற்கும் ஒன்று வைத்துவிடுவேன். பாவம் இல்லையா?