பழைய சீட்டில் போட்ட தேதி

மருந்துக் கடைக்காரர்கள் சீட்டைத் திருப்பி அனுப்பியது தேதிக்காகத்தான். மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருந்தன, டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. தேதி மட்டும் பழசு.

"அபர்டீன் பஜார்ல மூணு கடை ஏறி இறங்கிட்டேன் டாக்டர்மா," என்றார் என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஓர் அக்கா. "எல்லாக் கடையிலயும் ஒரே பாட்டு. 'பர்ச்சி புரானா ஹை, நயா லாவோ'ன்றான். பழசாம், புதுசு வேணுமாம். நயா சீட்டுக்கு நான் எங்க போறது? எழுதுற டாக்டர்தான் நிக்கோபார்ல மாட்டிக்கிட்டாரே."

அது உண்மை. எங்கள் சுகாதார மையத்துக்கு மாதம் இரண்டு முறை வரும் மனநல மருத்துவர் முகாமுக்காகக் கப்பலில் போயிருந்தார். கடல் கொந்தளித்ததால் திரும்பி வரும் கப்பலை நிறுத்திவிட்டார்கள். அவருடைய போனும் கிடைக்கவில்லை. மனநிலை ஏறி இறங்காமல் இருக்கப் போடும் லித்தியம் மாத்திரை அக்காவிடம் இரண்டு நாளாக இல்லை.

நான் டாக்டர் இல்லை. மனநல உளவியலாளர். பேசுவது, சோதிப்பது, ஆலோசனை சொல்வது என் வேலை. மாத்திரை எழுதச் சட்டம் என்னை அனுமதிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் திருத்தியதில்லை. ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் அப்பாவும், கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவும் இருக்கும் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மெயின்லேண்ட் போய் மேல்படிப்பும் படித்து வந்தேன். அந்தப் பெயரைக் கேட்கும்போது நெஞ்சு நிமிரும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் எங்கள் மையத்து மருத்துவ அதிகாரியிடம் ஓடினேன். "அது ஸ்பெஷலிஸ்ட் மருந்து, நான் தொடமாட்டேன்," என்றார். அவருக்கும் பயம். அவர் பயப்படுவதில் நியாயம் இருந்தது.

போன வருஷம் இந்த மாத்திரை நின்றபோது என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அக்கா ஒரு வாரம் தூங்கவில்லை. வீட்டிலிருந்த பாத்திரங்களை, தையல் மிஷினை, கல்யாணச் சேலையை எல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தடுக்க வந்த கணவரைக் கல்லால் அடித்தார். அது மறுபடி வந்துவிடும் என்ற பயத்தில்தான் நான் பேனாவை எடுத்தேன். டாக்டரின் எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாயும். அதே மாதிரி சாய்த்து, பழைய தேதியை அடித்து, மேலே அன்றைய தேதியைப் போட்டேன். கை நடுங்கவே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "நேத்துலேர்ந்து வயிறு வேற போவுதும்மா. முட்டிவலிக்குப் போடுற மாத்திரை சூடு போல."

"உப்பு சர்க்கரை தண்ணி குடிங்கக்கா," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் உறைத்தது. வயிற்றுப்போக்கால் உடம்பில் தண்ணீர் குறைந்தால் லித்தியம் வெளியே போகாமல் ரத்தத்தில் தேங்கும். வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் தேங்கும். அளவு மீறினால் அந்த மருந்தே விஷம். இதை நான் படித்திருக்கிறேன், ஒரே ஒரு வகுப்பில், பரீட்சைக்காக. ஒரு டாக்டருக்குச் சீட்டில் கை வைக்கும் முன் வந்திருக்க வேண்டிய நினைப்பு எனக்கு மூன்று மணி நேரம் கழித்து வந்தது.

அக்காவுக்குப் போன் அடித்துப் பார்த்தேன், சுவிட்ச் ஆஃப். அவர் ஊரான சௌல்தாரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மழையில் பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரிடம் "ஜல்தி, பையா" என்று கெஞ்சினேன். அக்கா செத்துப்போனால் என்ற நினைப்போடு என் வேலை போய்விடுமே என்ற நினைப்பும் சேர்ந்தே வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

வாசலில் அவர் கணவர் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, டாக்டரம்மாவே பஸ் ஏறி வந்திருக்கு. நீ பெரிய வி.ஐ.பி.தான்டி!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அக்கா தம்ளரோடு வந்தார். தம்ளர் ஆடிக்கொண்டே வந்தது. "மாத்திர போட்டுட்டேன்மா. விட்ட ரெண்டு நாளுக்கும் சேத்தே போட்டுட்டேன்." நாக்கு தடித்தது போல வார்த்தைகள் குழைந்தன.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தேதியா? அவர் நிக்கோபார்ல இல்ல இருக்கார்?" என்றார். நான் வயிற்றுப்போக்கையும் வலி மாத்திரையையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவரும் ரத்தம் எடுக்கிற அவசரத்தில் விட்டுவிட்டார். ரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் இருந்தது. சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அக்கா நடந்தே வீட்டுக்குப் போனார். தேதியைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துத் தீவுகளின் மருத்துவ வசதி பற்றிக் கருத்துக் கேட்க மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்தது. தனிப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் குறிப்பிட்ட சில மனநல மருந்துகளை எழுதச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று நானும் என்னோடு வேலை பார்க்கும் மூத்த உளவியலாளர் ஒருவரும் மனு தயாரித்தோம். வெளிநாட்டில் சில இடங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. குழுவின் முன் மனுவைப் படிக்க வேண்டியது நான். இரண்டாவது பக்கத்தில் நான் போட்ட தேதியைப் பற்றி எழுதினேன்.

"பாகலா நீ? பைத்தியமா?" என்றார் அந்த உளவியலாளர். "ஒரு சைக்காலஜிஸ்ட்டே ஆளைக் கொல்லப் பாத்தான்னு சொல்லி மனுவையே தூக்கிப் போட்டுடுவாங்க. உன் ரெஜிஸ்ட்ரேஷனும் போயிடும். கிழிச்சுப் போடு."

"இதைச் சொல்லலைன்னா நாம கேக்குறது சும்மா அதிகாரத்துக்காகன்னு ஆயிடும்க்கா."

"இருந்துட்டுப் போகட்டுமே! எல்லாரும் அதைத்தானே கேக்குறாங்க?"

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. பிறகு, "ஜெயில்ல போடுவாங்களாம்மா?" என்றார்.

"தெரியலப்பா. வேலை போகலாம்."

"அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"இல்ல."

"அப்போ சொல்லிடு." சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "வேணாம்மா, சொல்லாத. ஹார்பர்ல எல்லார்கிட்டயும் உன்னப் பத்திப் பேசி வெச்சிருக்கேன்." உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. நீயே பாத்துக்க."

குழுவின் முன்னால் இந்தியில் படித்தேன். முதல் பக்கம் வரை குரல் நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றல்லவா ஆகிறது?"

"கொடுங்கள் சார். படிக்க வைத்துக் கொடுங்கள்," என்றேன். "ரத்தப் பரிசோதனை பார்க்க, எந்த மருந்தோடு எது சேரக்கூடாது என்று தெரிந்துகொள்ள முறையான பயிற்சி கொடுங்கள். பரீட்சை வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு மருத்துவரைக் கேட்கும் ஏற்பாடு செய்யுங்கள். இப்போது கப்பல் நின்றால் எழுதக்கூடியவர் இங்கே இல்லை. இருக்கிற எனக்குப் பாதிதான் தெரியும். பாதி தெரிந்தவள் திருட்டுத்தனமாக எழுதினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேசிவிட்டு, "இந்த இரண்டாவது பக்கத்தையும் பதிவில் சேர்த்துக்கொள்ளலாமா, இல்லை வாய்மொழியாகவே இருக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தப்பிக்க அவர் வழிவிடுகிறார் என்று புரிந்தது. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்து, "சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

மூன்று வாரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். இன்னும் முடிவு சொல்லவில்லை. மனுவுக்கும் பதில் இல்லை. பியூன் ஃபைலோடு என் அறைப் பக்கம் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு அது எனக்கா என்று பார்க்கிறேன்.

மாத்திரைக்கார அக்கா மாதாமாதம் வருகிறார். நான் தேதி போட்ட கதை அவருக்கும் தெரியும், நானே சொன்னேன். "எனக்காகத்தானேம்மா," என்று மட்டும் சொன்னார். போன வாரம் டாக்டர் எழுதிக் கொடுத்த புதுச் சீட்டோடு என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் டாக்டரு மறுபடி நிக்கோபார் போறாராமே. கப்பல் நின்னுட்டா எனக்கு யாரும்மா எழுதுவா?"

"இப்போதைக்கு யாரும் இல்லக்கா," என்றேன்.