மாமா அனுப்பிய மடி

இரண்டாம் வகுப்பு வரைக்கும் எனக்குச் சடை இருந்தது. நான் ஆண்பிள்ளை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குலசாமிக்கு நேர்ந்துகொண்ட முடி அது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் மொட்டையடிக்க வேண்டும், காதும் குத்த வேண்டும். மாமாவோ பட்டாளத்தில், பனிமலை எல்லையில் இருந்தார். நாள் குறிப்பதும், லீவு இல்லை என்று அவர் போன் செய்வதும், அம்மா தன் அண்ணனைத் திட்டிக்கொண்டே எனக்கு ரிப்பன் கட்டுவதுமாக வருஷங்கள் ஓடின. பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த பட்டப்பெயரை இன்றைக்கும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அந்த மாசியில் லீவு உறுதி என்றார் மாமா. சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்தில் கிடா வாங்கி, பந்தலும் போட்டாயிற்று. முந்தின நாள் போனில் வந்தவர், தனக்குப் பதிலாக ஒரு ஆள் வருவார் என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர் பாம்பன்காரர். கடலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம், மாமாவோடு ஒரே கூடாரத்தில் படுப்பவர். ஒரு கையில் பச்சைப் பை, மறு கையில் ஐஸ் பெட்டி நிறைய நண்டு. மாமா கொடுத்தனுப்பிய கடுக்கனையும் வேட்டியையும் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, கோயில் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். யாரோ ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தினால் சாமி ஏற்குமா என்று பங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கானால் எந்த மடியாக இருந்தாலும் சரி, சடை ஒழிந்தால் போதும்.

வந்தவர் அசையவில்லை. "அவன் உக்காரச் சொன்னான், உக்காந்துட்டேன். எந்திரிக்கணும்னா அவன்தான் சொல்லணும்," என்றார்.

மாமாவுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. அம்மாதான் பொறுமையிழந்து என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பூசாரி அதே நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொட்டையடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்த நான், காதில் ஊசி இறங்கியதும் போட்ட கூப்பாட்டில் கிடாவே மிரண்டது.

பந்தியில் அவருக்குக் கறி வைத்தபடி அம்மா மனத்தாங்கலைக் கொட்டினாள். "எங்கண்ணனுக்கு மட்டும் லீவே குடுக்க மாட்டேங்குறாங்க. ஒங்களுக்கு எப்படிண்ணே கெடச்சுச்சு?"

அவர் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"லீவு அவனுக்குத்தான் தங்கச்சி கெடச்சுச்சு. ஒரு ஆளுதான் போகலாம்னாங்க. எம் பொண்டாட்டிக்குத் தலப்பிரசவம், நாள் நெருங்கிருச்சு. நீ போடான்னுட்டான். போன வாரம் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போனாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆசை ஆசையாகப் பின்னிய சடை போய்விட்டதே என்று அழுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மறுபடியும் வளர்க்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், சந்தனம் காயாத மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அந்தப் பாம்பன்காரருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.