பத்து நிமிடம் முன்னால் இறங்கிய எதிரி

காலை ஒன்பது நாற்பத்தொன்று. முதலில் கண்ணில் பட்டது திரையில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் எதிரி விமானம். ஓட்டியது மனிதரல்ல, கம்ப்யூட்டர். தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட சிறிய கம்பெனி ஒன்றில் நான் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். போர் விமானிகள் தரையில் உட்கார்ந்தபடியே சண்டை பழகும் மெஷினுக்கு அங்கே எதிரியைத் தயாரித்தார்கள்.

எதிரிக்கு மூளை எழுதியவள், கிருஷ்ணகிரி அரிசி வியாபாரி ஒருவரின் மகள். தினமும் பஸ்ஸில் வருவாள். அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிந்தது. பெங்களூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற விமானி எதிரியோடு மோதிப் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எட்டரைக்கு வர வேண்டியவர் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் மாதிரி விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது ஐம்பதுக்குப் பச்சைப் புள்ளி அவருடைய வாலுக்குப் பின்னால் கச்சிதமாக வந்து ஒட்டியது. சுட வேண்டியதுதான் பாக்கி. சுடவில்லை. திரும்பிப் போய், ஓடுதளத்தில் இறங்கி நின்றுவிட்டது.

"ஏம்மா, உன் ஆளு எங்க போயிட்டான்? டிபன் சாப்பிடவா?" என்று உள்ளிருந்தே கேட்டார் விமானி.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ! கரண்ட் போற நேரம் சார்."

"எங்க?"

"இங்கதாங்க சார். டெய்லி பத்து மணிக்குப் போயிடும். நடுவுல போனா பதிவானதெல்லாம் கெட்டுப்போவும். அதான் பத்து நிமிசம் முன்னாடியே எறங்கச் சொல்லி எழுதி வெச்சிருந்தேன். இன்னிக்கி எடுக்க மறந்துட்டேங்க."

அன்று மட்டும் வாசலில் வாடகை ஜெனரேட்டர் இருந்தது. காலையிலிருந்து மெஷின் அதில்தான் ஓடியது.

"ஜெனரேட்டர் வந்தது உனக்குத் தெரியும். உன் ஆளுக்கு யாரும்மா சொல்றது?" என்றார் பக்கத்தில் நின்ற எங்கள் மேலாளர்.

விமானிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சண்டைலயும் பவர் கட்டா! அத எடுத்துடும்மா. இன்னொரு தடவ பாக்கலாம்."

அவள் இரண்டு வரிகளை நீக்கினாள். பத்து ஏழுக்கு எதிரி அவரைச் சுட்டு வீழ்த்தியது. நம்பாமல் மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். இறங்கி வந்து பேனா கேட்டு வாங்கி, எதிரி சரி என்று தாளில் கையெழுத்துப் போட்டார். அவள் காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த டிபன் டப்பாவைத் திறந்து, எங்களுக்கும் ஆளுக்கொரு இட்லி கொடுத்தாள்.

அன்று ஓசூரில் பத்து மணிக்குக் கரண்ட் போகவில்லை.