பின்வரிசை இரைச்சல்

பட்டன் அக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கட்சி சண்டைக்கு வரும். தையல் ஆலையில் சட்டைக்குப் பட்டன் வைக்கும் பிரிவில் வேலை பார்த்ததால் வந்தது என்பது ஒரு கட்சி. சங்கக் கூட்டங்களில் டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்ததால் வந்தது என்பது இன்னொரு கட்சி. அக்காவிடமே கேட்டால், "எதா இருந்தா என்ன, அமுக்கறது நான்தானே" என்பார். அதற்கு மேல் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சங்கம் இருந்த இடத்தில் தலைவரும் பொருளாளரும் மட்டும் நிற்கிறார்கள், அதுவும் கைத்தடியோடு. மிச்சம் இருப்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, பக்கவாட்டில் அறைந்தால் மட்டும் பாடும் ஒரு கேசட் கருவி. இதற்குப் பெயர் டிஜிட்டல் காப்பகம். சங்கம் நடத்திய 'ஊசிமுனை' பத்திரிகையும் கூட்டப் பேச்சுகளின் கேசட்டுகளும் அங்கிருந்து இணையத்துக்கு ஏறுகின்றன. ஏற்றுகிறவர் அக்கா. காப்பகத்துக்கு மூன்று பேர் கொண்ட குழு உண்டு: தலைவர், பொருளாளர், அக்கா. வேலை செய்கிறவர்களை மட்டும் எண்ணினால் குழு ஒரே ஆளாகச் சுருங்கிவிடும்.

'ஊசிமுனை' முதலாளியைத் திட்டும், அரசாங்கத்தைத் திட்டும், இடம் மிச்சமிருந்தால் சந்தா கட்டாத வாசகரையும் திட்டும். பல இதழ்கள் எவரிடமும் இல்லை. உறுப்பினர்கள் எல்லோரும் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற உளவுத்துறைக்காரர் ஒருவர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை. முக்கியமான வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு வேறு.

"நம்ம ஆளுங்களைவிட நீங்கதான் ஒழுங்கா படிச்சிருக்கீங்க" என்று அக்கா அவருக்கு டீ வரவழைத்தார். அவர் வெட்கப்பட்டார்.

ஸ்கேன் செய்யும்போது அக்கா ஓரத்தை வெட்டமாட்டார். டீக்கறை, யாரோ போட்ட கூட்டல் கணக்கு, ஒரு குழந்தை வரைந்த பூனை எல்லாம் பக்கத்தோடு சேர்ந்தே போகும். "பேப்பரைக் காப்பாத்தறோமா, இல்ல பேப்பருக்கு மேக்கப் போடறோமா?" என்பார்.

இந்த வீராப்பெல்லாம் பேப்பருக்குத்தான். கேசட் விஷயத்தில் அக்காவும் மேக்கப் போட்டார். பழைய நாடாவில் 'ஸ்ஸ்' என்று ஒரு மழை இடைவிடாமல் பெய்துகொண்டிருக்கும். அதை நிறுத்தக் கணினியில் ஒரு மென்பொருள் உண்டு. 'இரைச்சல் என்றால் இதுதான்' என்று ஒரு சிறு துண்டைக் காட்டினால், அதே சாயலில் உள்ள எல்லாவற்றையும் பதிவு முழுக்கத் துடைத்துவிடும். தலைவரின் புகழ்பெற்ற கடைசிநாள் பேச்சை அக்கா அப்படித்தான் துடைத்தார். வேலைநிறுத்தம் முடிந்த நாளில் பேசிய பேச்சு அது. சங்கத்தின் பொன்விழாவில் அரங்கம் முழுக்க ஒலிக்கப்போவது. தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தை இரைச்சலுக்கு மாதிரியாகக் காட்டினார். பேச்சு பளிச்சென்று வந்தது. பொருளாளர் கேட்டுவிட்டு, "நேத்து பேசின மாதிரி இருக்கே!" என்று கைகுலுக்கினார். அக்கா மாலை முழுக்கப் பழைய பாட்டொன்றை ராகம் தப்பி முனகினார்.

மறுநாள் அக்காவின் நாத்தனார், டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தவர், உட்கார்ந்து பேச்சைக் கேட்டார். அவரும் அதே பட்டன் பிரிவுதான். கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று டப்பாவை மூடினார்.

"அண்ணி, நாம எங்க?"

"எங்கன்னா?"

"இந்த இடத்துலதானே நான் எழுந்து கத்தினேன்? ஒரு வாரம் தொண்டை கட்டிக்கிட்டு சைகையிலயே குடும்பம் நடத்தினேனே. உங்க தம்பி சந்தோஷமா இருந்தாரே, அந்த வாரம்!"

அக்காவின் தம்பிதான் நாத்தனாரின் கணவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் என்பதால் யாருக்கும் யாரையும் திட்டுவதில் தடையில்லை.

அக்கா அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். "அப்போ எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி..." என்கிறார் தலைவர். பிறகு பட்டுத்துணி போல ஒரு மௌனம். பிறகு, "ஒப்பந்தம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." கைதட்டல்.

அக்கா துடைக்காத மூலப் பதிவைப் போட்டார். மழை பெய்தது. மழைக்குள் தலைவர், "அப்போ எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி..." என்றார். உடனே பின்வரிசையிலிருந்து பெண் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "நாங்க ஒத்துக்கல!" "பட்டன் பிரிவை வெளிய விட்டுட்டு யாருக்குய்யா ஒப்பந்தம்?" "பட்டன் வைக்க மெஷின் வாங்கிட்டா நாங்க செத்துட்டோமா?" நாற்காலி விழும் சத்தம். ஓர் ஆண் குரல், "உக்காரும்மா." அதற்கு ஒரு பெண் குரல், "நீ எந்திரிய்யா!" அதன்பிறகுதான் ஏகமனது.

ஒப்பந்தப்படி எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பட்டன் பிரிவு மட்டும் மூடப்பட்டது. அந்தப் பெண்களுக்கு ஆலைவாசல் அன்றோடு முடிந்தது. வரலாற்றில் அது 'முழு வெற்றி' என்று பதிவாகியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சோறு கொஞ்சம் நிறைய இருந்தால் போதும்.

"இது நானா?" என்று நாத்தனார் முகம் சுளித்தார். "தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கு."

"அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு தூரத்துலேர்ந்து மைக்குல விழுந்திருக்கு. சிவப்புப் பட்டனை அமுக்கிட்டு நானும் பின்வரிசைக்குத்தானே வந்தேன்."

நடந்தது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தலைவர் தண்ணீர் குடித்த அந்த இடைவெளியில் பின்வரிசைப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைத்தான் அவர் மாதிரியாகக் காட்டியிருக்கிறார். பெண்கள் பேச்சுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்கு அவரே கற்றுக்கொடுத்துவிட்டார். சங்கத்துக்கு அதை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"என் வாயை நானே பொத்திக்கிட்டேன்டி" என்றார். சாப்பிடவில்லை. துடைத்த பதிவைக் காப்பகத்திலிருந்து தூக்கினார், மூலத்தை ஏற்றினார். அதோடு விடவில்லை. தான் சுத்தம் செய்திருந்த மற்ற கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அழுக்காக்கினார். வேறு எந்தப் பின்வரிசை அதில் போயிற்றோ, யார் கண்டது.

பொருளாளர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். அந்த வயதுக்கு அது புரட்சிதான்.

"என்னம்மா இது? பளபளன்னு இருந்ததை எடுத்துட்டு ஏன் இந்தக் கரகரப்பைப் போட்டிருக்கே?"

"கரகரப்பு நாங்கதான் அண்ணே."

பொருளாளருக்கு வேர்த்தது. பொன்விழா மலரை எழுதியவர் அவர். 'ஏகமனதாக' என்ற சொல்லை அட்டையிலேயே தங்க எழுத்தில் போட்டிருந்தார். மலர் அச்சாகிக் கட்டுக்கட்டாக அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. "குழுவைக் கூட்டறேன்" என்றார். "பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுதான்."

"கூட்டுங்க. ஆனா அந்தப் பதிவு போச்சுன்னா, நாங்க வேண்டாம்னு சொன்னதுக்கு உலகத்துல வேற சாட்சி கிடையாது. அதை நினைச்சுக்கிட்டு கூட்டுங்க."

குழு கூடியது. தலைவர் ஏறி வந்து மூச்சு வாங்க நேரம் பிடித்தது. அக்கா டீ ஊற்றினார், பிஸ்கட் தட்டை நகர்த்தினார், கைபேசியை மேசை நடுவில் வைத்து அமுக்கினார். இருவரும் அதைப் பார்த்தார்கள், ஆனால் கண்ணில் படவில்லை. கூட்டம் என்றால் அக்கா எதையாவது அமுக்குவார், மின்விசிறி சுற்றுவது போல அது ஓர் இயற்கை நிகழ்ச்சி.

"பேச்சோட கம்பீரம் கெடுது" என்றார் பொருளாளர். "நான் என்ன பொய்யா சொல்றேன்? சுத்தமான பதிவைப் போடு, அவ்வளவுதான். அதுவும் நீயே பண்ணினதுதானே?"

"நான் பண்ணினதுதான். அதனாலதான் நானே எடுத்தேன்."

"நாலு பொம்பளைங்க கத்தினதுக்கு ஒரு இயக்கத்தோட வரலாற்றையே..."

"நாலு பேர் இல்ல, ஒரு பிரிவு. அந்த நாலு பேர் சட்டைக்குப் பட்டன் வைக்காம இருந்திருந்தா, உங்க கம்பீரம் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கிட்டு நின்னிருக்கும்."

தலைவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே இருந்தார். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க சத்தம் அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. நின்னு பதில் சொன்னா ஒப்பந்தம் உடைஞ்சிரும். அதான் வேகமா ஏகமனதுன்னு முடிச்சேன்."

"இப்போ என்ன சொல்றீங்க அண்ணே?"

"இப்போ... விழா நல்லபடியா முடியட்டும். எடுத்துரு."

இரண்டுக்கு ஒன்று. பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆக, ஏக..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "பெரும்பான்மையா முடிவாச்சு."

"நான் ஒத்துக்கல" என்றார் அக்கா. கைபேசியின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக. "இது பதிவாகட்டும்."

"எதுல பதிவாகணும்?"

அக்கா கைபேசியைத் திருப்பிக் காட்டினார். திரையில் அலை ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! நிறுத்தும்மா!" என்று பொருளாளர் எழுந்தார். அலை இன்னும் உயரமாகத் துள்ளியது.

"அண்ணே, விதி உங்களோடதுதான்" என்று அக்கா தலைவரிடம் சொன்னார். "பேச்சுவார்த்தையில முதலாளி சொன்னதைச் சொல்லலைன்னு சாதிச்சப்போ நீங்க போட்டீங்க. எந்தக் கூட்டமா இருந்தாலும் பதிவாகணும். பதிவானதெல்லாம் காப்பகத்துக்குப் போகணும். இதுவும் போகும். இதுல நீங்க கேட்டுச்சுன்னு சொன்னது இருக்கு, எடுத்துருன்னு சொன்னதும் இருக்கு, நான் ஒத்துக்கலைன்னதும் இருக்கு. இந்தத் தடவை மைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மழையே கிடையாது."

"அப்போ இதையும் எடுக்கச் சொல்லி இன்னொரு கூட்டம் போடுவேன்" என்றார் பொருளாளர்.

"போடுங்க. பிஸ்கட் இருக்கு."

பொருளாளர் வாயைத் திறந்தார், அந்தக் கூட்டத்தையும் யார் அமுக்குவார் என்பது நினைவுக்கு வந்து மூடினார். தலைவரின் தோள் குலுங்கியது. இருமல் என்று முதலில் பயந்தார்கள். சிரிப்பு. "என் விதியாலேயே என்னை அடிச்சுட்டாளேய்யா" என்றார். சிரித்தாரே தவிர, எடுக்க வேண்டாம் என்று கடைசிவரை சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் தோற்பார்கள், வாபஸ் வாங்கமாட்டார்கள்.

எடுக்க வேண்டியவர் அக்காதான், எடுக்கவில்லை. மூலப் பதிவு காப்பகத்திலேயே இருந்தது. புதுக் கூட்டமும் அதற்குப் பக்கத்திலேயே ஏறியது. "உள்ள என்ன வேணா வெச்சுக்கோ, விழா மேடை என்னோடது" என்று பொருளாளர் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்விழாவில் சொன்னபடியே செய்தார். வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்தன. பேச்சு ஒலித்தது. துடைத்த பதிவுதான் இல்லையே, மழையோடு, கரகரப்போடு, கம்பீரமாகத்தான் ஒலித்தது. "அப்போ எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி..." என்ற இடம் வந்ததும் பொருளாளர் கையசைக்க, டப்பென்று நின்றது. "பழைய பதிவு, அதோட முடிஞ்சிருக்கு" என்று ஒலிபெருக்கியில் சிரித்தார்.

அரங்கம் கைதட்டத் தயாரானது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி விழுந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு குரல் எழுந்தது: "நாங்க ஒத்துக்கல!"

எல்லாத் தலைகளும் திரும்பின. நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள், அவளுக்கடுத்து இன்னொருத்தி. பழைய பட்டன் பிரிவு, நரைத்த தலைகளோடு. மேடையிலிருந்து பொருளாளர் பழக்கதோஷத்தில், "உக்காரும்மா" என்றார்.

"நீ எந்திரிய்யா!" என்றார் நாத்தனார். நின்றுகொண்டிருந்த பொருளாளர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

முன்வரிசை ஓரத்தில் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கைபேசி மடியில் இருந்தது. வரவேற்புரையிலேயே அமுக்கியாகிவிட்டது.