தண்ணீரைத் தொடாத படகு

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும், பாதி சொல்வதற்குள் இந்த இரண்டு கேள்விகளும் வந்துவிடும். நான் தூங்கவும் இல்லை, இருட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. நடந்தது நடந்ததுதான்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பல்லைச் செதுக்குவேன். ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். அதில் ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஒருவருக்கும் என்னைத் தெரியாதே. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மனைவி துணைக்குப் போனாள். மூன்று மாதம் என்று போனவள், குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். தினமும் சாயங்காலம் அவள் ஃபோனில் கூப்பிடும்போது நான் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசத் தொடங்குவேன். பல நாட்களில் காலையிலிருந்து நான் பேசுகிற முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் படகு வாங்கினேன். பதினெட்டு அடி ஃபைபர் படகு, புத்தம் புதிது. ஆரஞ்சு நிறம். துறைமுகத்தில் அந்த நிறத்தில் வேறு படகே கிடையாது. நிறத்தைச் சொன்னது மனைவிதான். தொலைந்துபோனால் தேடுகிறவர்களுக்குச் சுலபமாக இருக்குமாம். தனியாக மட்டும் கடலுக்குப் போகக் கூடாது, கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கடியில் ஒரு பெரிய பாறைத் திட்டு இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் அதைப் ‘பார்’ என்பார்கள். என் முதல் பயணம் அந்தப் பாருக்குத்தான். மனைவியின் தம்பி கூட வருவதாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கிளம்புவதாகத் திட்டம்.

துறைமுகத்துக்குப் பின்னால், படகு நிறுத்துவதற்காக வரிசையாகத் தகர ஷெட்டுகளை வாடகைக்கு விடுவார்கள். அதில் ஒன்று என்னுடையது. அங்கிருந்து கடல் அரை கிலோமீட்டர். அலைச் சத்தம்கூடக் கேட்காது. பக்கத்து ஷெட்காரர் தூண்டில் போட்டுப் பிழைப்பவர். சாயங்காலம் பாருக்குப் போனால் விடிந்துதான் திரும்புவார். என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நானும் திருத்தவில்லை. அவர்தான் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார். பாரின் ஓரத்தில் மணல், அங்கே ஆழம் பதினேழு மீட்டர். பாறையின் உச்சியில் பதினொன்று. நங்கூரத்தைப் பாறை மேல் போட்டால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், மணலில்தான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தன் படகை இழுத்துக்கொண்டு என் ஷெட்டைத் தாண்டிப் போனார். நாளைக்குப் பாரில் சந்திக்கலாம் என்று கையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் நான் ஒருவன்தான்.

என் படகு டிரெய்லர் மேல் நின்றது. அதன் அடிப்பாகம் சிமெண்டுத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நங்கூரக் கயிறு, தூண்டில்கள், ஐஸ் பெட்டி, தண்ணீர் பாட்டில். லைஃப் ஜாக்கெட் இரண்டு. ஒன்றை என் காலடியில் போட்டேன். மச்சினனுக்கானதைப் பின் பலகையில் வைத்தேன். படகின் கம்பத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. அதை அணைக்கவில்லை. மனசுக்கு நன்றாக இருந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தைய சாயங்காலம் மாதிரி.

அப்போதுதான் மச்சினன் கூப்பிட்டான். ஆபீசில் திடீரென்று வேலை வந்துவிட்டதாம். “அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன் மாமா,” என்றான். இதற்கு முன்பும் இதையேதான் சொல்லியிருக்கிறான். பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று ஃபோனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். டாக்டர்கள், சாமான் சப்ளை செய்கிறவர்கள், கேஸ் கம்பெனி. கடைசிப் பெயர் வரைக்கும் வந்தும் ஒரு ஆள் தேறவில்லை.

சரி, தனியாகவே போவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்தது ஃபிஷ் ஃபைண்டர். படகின் அடியில் கைப்பிடி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, ஆழம் எவ்வளவு, கீழே மீன் இருக்கிறதா என்று திரையில் காட்டும். தண்ணீரில் இருந்தால்தான் வேலை செய்யும். தரையில் ஒன்றும் காட்டாது என்று எனக்கும் தெரியும். பொத்தான்களைப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அதைப் போட்டேன். மணி ஆறு நாற்பது.

திரை வெளிச்சமாகி, ஒரு எண் வந்தது.

17.2.

சிரிப்பு வந்தது. கடைக்காரர்கள் காட்டுவதற்காக ‘டெமோ’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதை நிறுத்தாமல் விற்றுவிட்டார்கள் போல. உள்ளே போய்த் தேடினேன். டெமோ நிறுத்தித்தான் இருந்தது. கருவியை அணைத்து மறுபடி போட்டேன்.

17.2. கீழே மணலுக்கு ஒரு தட்டையான கோடு. அதன் ஒரு பக்கம் மெல்ல மெல்ல மேடாகி, பதினொன்றில் போய் நின்றது.

எனக்கு அந்த எண்கள் மனப்பாடம். அது அந்தப் பார்தான்.

அப்போது மனைவி கூப்பிட்டாள். செருமிக்கொண்டு பேசினேன். அவள் எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி இருந்தது.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“ஷெட்லதான்.”

“பொய் சொல்லாதீங்க. தண்ணி சத்தம் கேக்குது.”

“இங்க ஏது தண்ணி?”

“போட்ல மோதுற சத்தம் எனக்குக் கேக்குதுங்க. இந்த இருட்டுல தனியாவா போனீங்க?” அவள் குரல் உடைந்தது. “மொதல்ல கரைக்கு வாங்க.”

லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. அந்த ஷெட்டில் எப்போதும் முழு சிக்னல் இருக்கும்.

ஃபோனைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கும் கேட்டது.

சளப்... சளப்...

படகின் இரண்டு பக்கமும். மெதுவாக. ஒரே சீராக.

பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். சிமெண்டுத் தரை. காய்ந்த தரை. டிரெய்லரின் டயர். என் செருப்பு.

சளப்...

காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் மெல்ல உருண்டு அந்தப் பக்கம் போனது. நின்றது. இந்தப் பக்கம் உருண்டு வந்தது.

இறங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. இறங்கவில்லை. கண் திரையை விட்டு நகரவில்லை. ஏனென்றால் அதில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

மீன் என்றால் வளைந்த கோடாக வரும், வந்த வேகத்தில் போய்விடும். இது நேர்க்கோடு. அறுபடாத கோடு. அப்படி வந்தால், படகுக்கு நேர் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருக்கிறது என்று அர்த்தம். பதினான்கு மீட்டரில் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன்...

பதின்மூன்று.

கோடு மேல் நோக்கிச் சாய்ந்தது. அவசரமே இல்லாமல்.

பதினொன்று... ஒன்பது...

கருவியை அணைத்தேன். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். அணையவில்லை.

ஆறு.

சளப் சத்தம் நின்றுவிட்டது. ட்யூப்லைட்டின் ரீங்காரம்கூட இல்லை. என் மூச்சு மட்டும்.

மூன்று... இரண்டு...

கோடு திரையின் உச்சியைத் தொட்டு மறைந்தது. திரை காலி. தட்டையான மணல், பாறை, வேறு ஒன்றுமில்லை. போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது படகின் பின்பக்கம் தாழ்ந்தது.

ஒரு ஆள் தண்ணீரிலிருந்து கையூன்றி ஏறினால் எப்படித் தாழும்... அப்படி.

சொட்டு... சொட்டு...

குளிர்ந்த காற்று பிடரியில் பட்டது. நான் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

பின் பலகை கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

பிறகு அந்தச் சத்தம்.

டக்.

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டுகிற சத்தம்.

குதித்துவிட்டேன்.

முன்பக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் குதித்தேன். தண்ணீரில்தான் விழப் போகிறேன் என்று என் உடம்பு நம்பியிருந்தது. சிமெண்டில் விழுந்தேன். கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே வெளியே வந்து, உள்ளே பார்க்காமல் ஷட்டரை இழுத்துவிட்டேன். பூட்டுவதற்குக் கை வரவில்லை.

அன்று இரவு வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, மனைவியோடு ஃபோனிலேயே இருந்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. கடலுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை. பிறகு என் குரலைக் கேட்டு என்ன நினைத்தாளோ, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நன்றாக விடிந்த பிறகுதான் ஷெட்டைப் பூட்டப் போனேன். சந்தில் நுழையும்போது பக்கத்து ஷெட்காரர் எதிரே வந்தார். அப்போதுதான் கரையேறியிருந்தார், உடையெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கிட்ட வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“உசுரோடதான் இருக்கீங்களா டாக்டர்?”

என்ன என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நேற்று இருட்டியதும், பாரில் என் படகைப் பார்த்திருக்கிறார். கம்பத்து விளக்கு எரிந்ததாம். அந்த ஆரஞ்சு நிறத்தை வைத்து, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டாராம். கூப்பிட்டதற்கு நான் திரும்பவில்லையாம். குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

“பின்னாடி உக்காந்திருந்தவர் ஜாக்கெட் போட்டிருந்தாரு. நீங்க போடல. திடீர்னு முன்பக்கமா குதிச்சீங்க. மேல வரவே இல்ல.”

உடனே அங்கே போய்த் தேடியிருக்கிறார். ரோந்துப் படகுக்கும் தகவல் சொல்லியிருக்கிறார். இரவு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்கூட, பாரில் என் உடலைத் தேடி ஆட்கள் முங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் படகு இன்னும் தண்ணீரையே தொடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்து போய் ஷட்டரைத் தூக்கினார்.

படகு டிரெய்லர் மேல் நின்றது. காய்ந்த தரை. என்ஜினைச் சுற்றிக் கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருந்தது. ஆள் யாரும் இல்லை. அவர் படகைச் சுற்றி வந்தார். அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

அந்த வாரமே கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். படகை, எனக்கு விற்ற கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டது. இங்கிருந்து கடல் வெகுதூரம். வீட்டில் எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதவு தட்டப்பட்டால் மட்டும் நான் போய்த் திறப்பதில்லை. மற்றவர்கள்தான் திறப்பார்கள். கால் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காரணம் வேறு. அன்று காலை ஷெட்டில் நான் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். நான் குதித்த பிறகு அந்த இன்னொரு ஆள் என்ன செய்தார் என்று.

அவர் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“உங்களைத் தேடவே இல்ல. எந்திரிச்சு வந்து உங்க சீட்ல உக்காந்தாரு. வெளக்க அணைச்சாரு. கரையைப் பார்த்துத் திருப்பினாரு.”

பிறகு, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

“வந்து சேர்ந்துட்டாரா டாக்டர்?”