ஏழாவது நாற்காலி

ஊர் மைதானத்தில் கூடும் பழம்பொருள் சந்தையில் டார்ச் மேடத்தைத் தெரியாத கடைக்காரரே இல்லை. நாற்காலிக்கும் சோபாவுக்கும் மெத்தை தைப்பது அவர் தொழில். பட்டப்பகலிலும் டார்ச்சோடு மேசைக்கடியில் புகுந்துவிடுவார். வெளியே தெரிவது ஒரு ஜோடி செருப்பும், "மேல பாலிஷ் போட்டா கிழவனும் மாப்பிள்ளைதான். அடியில பாருங்க, அடியில!" என்ற குரலும்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் அவருக்குத் தனி ஆனந்தம். பிடித்த பொருளைத் திரும்பியும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் பிடிக்காத பொருளுக்குத்தான் முதலில் விலை கேட்க வேண்டும். இழுப்பறையை முழுசாக உருவிப் பார்க்க வேண்டும். ஜோடி சேர்க்க வந்தால் சாம்பிளைக் கையோடு தூக்கி வர வேண்டும். முகம் கல்லாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு.

"வச்ச கைய எடுக்காதீங்க. கை வச்சிருக்கிறவரைக்கும்தான் உங்களுது. எடுத்துட்டா கடைக்காரனுது!"

அன்றைக்கு அவர் முகமே சரியில்லை. காரணம் வீட்டுக்காரர்.

மேடத்தின் அக்கா, சாப்பாட்டு மேசை நாற்காலிகள் ஆறையும் புது மெத்தை போடக் கொடுத்திருந்தாள். "துணி உன் இஷ்டம்டி. சம்பந்தி வீட்டுக்காரங்க நாளைக்கு மதியம் சாப்பிட வர்றாங்க, அதுக்குள்ள வந்துடணும்" என்று உத்தரவு. வீட்டுக்காரரோ பல்பு மாட்ட ஏணி எடுக்கச் சோம்பல்பட்டு, அந்த ஆறில் ஒன்றின் மேல் ஏறினார். பல்பு எரிந்தது. நாற்காலி படுத்துவிட்டது.

"கால்தானே, ஒட்டிடலாம்."

"எதை வச்சு? உங்க கால வச்சா?"

அக்காவுக்கு விஷயம் போகவில்லை. போனால் அவ்வளவுதான். அக்கா வாயைத் திறந்தால் தெருவே ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கும். அதனால் வீட்டுக்காரரை வேனிலேயே உட்கார வைத்துவிட்டு, மெத்தை போட்டு முடித்த மீதி ஐந்தில் ஒன்றை சாம்பிளாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஜோடி தேடக் கிளம்பினார் மேடம்.

கடைசி வரிசை, தாடிக்காரர் கடை. மேசைக்கடியில் சாமான்களுக்கு நடுவே ஒரு முதுகு தெரிந்தது. அதே வளைவு! சாம்பிளைக் கீழே வைத்துவிட்டு, சாமான்களைக் கடகடவென்று நகர்த்திக்கொண்டே மேடம் உள்ளே புகுந்தார். டார்ச் அடித்தார். அதே கால், அதே குறுக்குச் சட்டம். டார்ச்சைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் நாற்காலியை வெளியே இழுத்தார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த அவலட்சணமான விளக்கைக் காட்டினார்.

"இது என்ன விலை?"

தாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். "அதை விடுங்க மேடம். கையில இருக்கே, அதே மாதிரி ஒண்ணு இப்பதான் போச்சு. இறக்கி வச்சது எப்பன்னு எனக்கே தெரியல, ஒரு அம்மா வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க!"

"எது?"

"இங்க நின்னுச்சே, புது மெத்தை போட்டது."

மேடத்தின் கை மெல்லப் பின்னால் துழாவியது. காற்றுதான் அகப்பட்டது.

"யோவ்! அது என்னுதுய்யா!"

"உங்களுதா? நம்ம பசங்க வண்டியிலேருந்து இறக்கினதுன்னு நினைச்சேனே!" தாடிக்காரர் விழித்தார். "அதுவுமில்லாம... கைய எடுத்துட்டீங்களே மேடம்."

சொல்லிச் சொல்லி அவரே ஊருக்கெல்லாம் பழக்கிய பாடம். மேடம் அங்கே நிற்கவில்லை. போனது எந்தப் பக்கம் என்று கேட்டு, கிடைத்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். "இதுல கை வச்சிருக்கேன்! வந்து காசு தர்றேன்!"

வாசலருகே ஓர் அம்மா அந்த நாற்காலியையே நடுவில் போட்டு, ஜம்மென்று உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தார். மேடம் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

அக்கா!

"ஏய், நீயா? பரிமாறப் பெரிய தட்டு வாங்க வந்தேன்டி, பாரு என்ன சிக்கிச்சுன்னு! நம்ம செட்டுக்கு அச்சு அசல் ஜோடி! ஏழாச்சு! நீ சொன்ன மாதிரியே மூஞ்சியக் கல்லா வச்சுக்கிட்டேன். மெத்தையப் பாரேன், உன்னைவிட நல்லாவே தைச்சிருக்கான்."

மேடம் தலையிலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தலையில என்னடி? அட, இன்னொண்ணா? அப்ப எட்டு!"

"அக்கா..."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எட்டு இல்லக்கா. ஆறுதான்."

பல்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். அக்கா விரல் மடக்கினாள். வீட்டில் நாலு, இங்கே ரெண்டு. மடக்கிய விரல் அப்படியே நின்றது. தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். சூடு பட்டவள் போல எழுந்தாள்.

"அப்ப... என் நாற்காலிய நானே காசு குடுத்து வாங்கியிருக்கேனா?"

"பேரம் பேசித்தான் வாங்கியிருப்பே" என்றார் மேடம், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். "ரெண்டு கிடைச்சுடுச்சா? பலே!"

அக்கா அவரைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வந்த வழியே வேனுக்குத் திரும்பினார்.

"அவருக்கு அப்புறம் இருக்கு" என்றாள் அக்கா. "முதல்ல வா. நான் குடுத்த காசு உன் தலையில இருக்கிறதுக்குச் சரியாப்போச்சுன்னு அந்தத் தாடிக்காரன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

அக்காவின் குரல் மூன்று வரிசை தாண்டி முன்னால் போனது. இருவரும் நாற்காலிகளோடு போய்ச் சேர்ந்தபோது கடையில் ஆளில்லை. மேசைக்கடியில் மேடத்தின் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு தாடி.