யானை விலகும் வரை

கல்யாணமாகி ஒரு வருசத்துக்கு மேலாகியும் என் மாமியார் என்னிடம் நேராகப் பேசியதில்லை. வட்டவளையில் இருந்த தன் அண்ணன் மகளை மகனுக்குக் கட்டிவைக்க அவருக்கு ஆசை. மகனோ கந்தப்பளையிலிருந்து என்னைக் கொண்டுவந்துவிட்டார். "உப்பு பத்தலைன்னு சொல்லு" என்று, நான் பக்கத்தில் நிற்கும்போதே மகனிடம் சொல்வார். சண்டை கிடையாது. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு லீவுக்கு நாங்கள் மூவரும் கதிர்காமம் போனோம். நானுஓயாவில் துணிக்கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். அங்குள்ள பள்ளிவாசலுக்கு அவருக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது. ராத்திரி மடத்தில் தங்கினோம். காலையில், "இவ்வளவு தூரம் வந்துட்டு யால காட்டைப் பார்க்காம போறதா?" என்று அவர்தான் கிளப்பினார்.

காட்டு வாசலில் ஒரு சிங்கள வழிகாட்டி ஏறி முன் சீட்டில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன நடந்தாலும் கீழே இறங்கக் கூடாது என்றார். மான் கூட்டம், மயில், சேற்றில் கிடந்த எருமைகள் எல்லாம் பார்த்தோம். மலைக் குளிரிலேயே வளர்ந்த எனக்கு அந்த வெயிலும் முட்புதரும் வேறு நாடு மாதிரி இருந்தன.

ஒரு வளைவில் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு ஒற்றை யானை. வழிகாட்டி கையைத் தூக்க, நானா இஞ்சினை நிறுத்தினார். யானை நகரவில்லை. பக்கத்து மரத்தில் கிளையை முறித்து ஆற அமரத் தின்னத் தொடங்கியது.

வெகுநேரம் போயிற்று. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாமியார் நெளிந்தார். முகமெல்லாம் வேர்வை. பயம் என்றுதான் நினைத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக் காதருகே குனிந்தார்.

"புள்ள, ஒண்ணுக்கு முட்டுது. அடக்க முடியல. அவன்கிட்ட சொல்லிப்புடாத."

வேனுக்குப் பின்னால் இறங்கலாமா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வழிகாட்டியிடம் கேட்டேன். "பஹின்ன எப்பா." இறங்க வேண்டாம் என்று திரும்பாமலே கிசுகிசுத்தார்.

பிஸ்கட் தகரத்தில் இருந்த ரொட்டிகளை ஒரு துணியில் கொட்டினேன். "நீங்க மூணு பேரும் யானையையே பாருங்க. நான் சொல்றவரைக்கும் திரும்பாதீங்க."

என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"திரும்பாதீங்கன்னு சொன்னேன்ல."

அவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. மலைக் குளிருக்கு எடுத்து வந்திருந்த கம்பளியை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் காடு முழுக்கக் கேட்கும்போல இருந்தது. நானா இரும ஆரம்பித்தார். விடாமல் இருமினார். யானை காதுகளை விரித்து எங்களை நோக்கி முன்னால் வந்தது. நானாவின் இருமல் நின்றுவிட்டது. கம்பளியை நான் கீழே விடவில்லை.

யானை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அலுத்துப்போன மாதிரி திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

"அப்பாடா" என்று மாமியார் சீட்டில் சாய்ந்தார். யானை போனதற்கா, மற்றதற்கா என்று தெரியவில்லை. முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. முன்னால் இருந்தவர்கள் அப்போதும் திரும்பவில்லை.

"நல்லவேளை, நீ இருந்த" என்றார்.

திரும்பும்போது வெல்லவாயாவிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலி, அண்ணனின் கஞ்சத்தனம், மகன் சின்னதில் மண் தின்றது. வெலிமடை தாண்டிக் குளிர் ஏறியதும் ஒரே கம்பளிக்குள் இருவரும் ஒடுங்கினோம். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டபடியே தூங்கிவிட்டேன்.